மாஸ்ரரின் ஏ-40 கார்

தேவராஜா மாஸ்ரருக்கு நான் கொடுக்க வேண்டியிருந்தது பதினோராயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய். ஒரு பழைய காருக்காகப் பட்ட கடன். மூட்டை தூக்குகிறவனுக்குக் கார் எதற்கு என்று அப்போதே பலர் கேட்டார்கள். அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்துக் குருநகர் ஆள். பெயர் யாகப்பு. படகு கட்டுகிற ஜெற்றியில் முப்பது வருடம் மூட்டை தூக்கினேன். சண்டையால் கடலுக்குப் போகக்கூடாது என்று ஆன பிறகு ஜெற்றியிலும் வேலை இல்லை. ஷெல் விழத் தொடங்கியதும் கொக்குவிலில் ஒரு வளவின் பின்பக்கத்தில் கொட்டில் போட்டு இருந்தோம். அங்கே லொறிகளுக்கு வெங்காயமும் புகையிலைச் சிப்பமும் ஏற்றினேன். தொண்ணூற்று நான்காம் ஆண்டு ஆனி மாதம் ஒரு நாள் மூட்டையை முதுகில் வாங்கியவன் வாங்கியபடியே மடிந்து நிலத்தில் குந்திவிட்டேன். இடுப்பில் ஏதோ விட்டுப் போயிற்று. பிறகு நடக்கலாம், குனியலாம், சின்னச் சாமான் தூக்கலாம். நாள் முழுக்க மூட்டை தூக்க ஏலாது.

மகள் பெர்னடெட்டைக் கட்டியவன் அடைக்கலநாதன். நல்ல டிரைவர். ஆனால் அவன் வாடகைக்கு ஓட்டிய ஹையர் கார் இன்னொருவருடையது. கார்க்காரர் காரை விற்றுவிட்டு வெளிநாடு போய்விட்டார். ஆக, வீட்டில் இரண்டு ஆம்பிளைகள், இரண்டு பேருக்கும் வேலை இல்லை. ஒரு கார் சொந்தமாக இருந்தால் அவன் ஓட்டுவான், எல்லோரும் சாப்பிடலாம். எங்கள் யோசனை அவ்வளவுதான்.

என் மனைவி மக்டலீன் தாலிக்கொடியைத் தானே கழற்றித் தந்தாள்.

"கழுத்திலை கிடந்து என்ன செய்யுது? இனி என்ரை தாலி ரோட்டிலை ஓடட்டும்" என்று சொல்லிச் சிரித்தாள்.

கொடியும் நான்கு காப்பும் முப்பத்தோராயிரத்துக்குப் போயின. சீட்டுக் காசு ஒன்பதாயிரம் இருந்தது. நாற்பதாயிரத்தை மக்டலீன் ஒரு பால்மாத் தகரப் பேணிக்குள் வைத்து என்னிடம் தந்தாள்.

அந்த நாளில் அரசாங்கத் தடையால் பெற்றோல் யாழ்ப்பாணத்துக்கு வராது. களவாக வருகிற ஒரு போத்தலுக்கு ஒரு கூலிக்காரனின் ஒரு கிழமைச் சம்பளம் போகும். கார் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. ஆனால் மண்ணெண்ணெயில் கார் ஸ்ராட் ஆகாது. சேலைன் குழாயின் துண்டு ஒன்றைப் பொருத்திய சின்ன மருந்துப் போத்தலில் பெற்றோல் வைத்திருந்து, காபரேற்றருக்குள் சில சொட்டு விட்டு, கைபிடி போட்டுச் சுற்றுவார்கள். எஞ்சின் பிடித்துச் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். இதற்கு வெள்ளைக்காரன் காலத்துப் பழைய கார்கள்தான் ஒத்துவரும். அதனால் ஊர் முழுக்க, எறிய வைத்திருந்த கார்களுக்கு விலை ஏறியது. புதுக் கார்கள் கோழி படுக்கிற இடமாகின.

முதலில் புத்தூருக்குப் போனோம். ஒரு ஜப்பான் கார். வெள்ளை நிறம், முகம் பார்க்கலாம் போல மினுக்கம். முப்பதாயிரம்தான் சொன்னார்கள். எனக்கு ஆசையாக இருந்தது, ஒளிப்பானேன்? கதவைத் திறந்து உள்ளே ஏறி இருந்து பார்த்தேன்.

"மாமா, இறங்குங்கோ" என்றான் அடைக்கலநாதன். "உது மண்ணெண்ணெய் குடியாது. உதுக்குள்ளை இருந்து பாட்டுக் கேக்கலாம். அதுக்கும் பற்றரி இல்லை."

அடுத்தது கொக்குவிலிலேயே ஒரு மொறிஸ் மைனர். தரகர் மார்க்கண்டு காட்டினார். நாங்கள் போகும்போதே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. என்ன ஓட்டம்! தையல் மெசின் மாதிரி. மார்க்கண்டர் சட்டைப் பையிலிருந்த ஒரு வெள்ளை லேஞ்சித் துணியைச் சைலன்சருக்குப் பின்னால் பிடித்துக் காட்டினார். லேஞ்சி வெள்ளையாகவே இருந்தது.

"நாப்பத்து ரெண்டு. உங்களுக்காக நாப்பது" என்றார். "பின்னேரம் வரைக்கும் வைச்சிருக்க மாட்டன். இணுவில்ப் பகுதியிலை ஒருத்தர் காசோடை நிக்கிறார்."

நான் பேணியைத் திறந்துவிட்டேன். அடைக்கலநாதன் என் கையைப் பிடித்தான். அவன் சைலன்சருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து மூக்கை வைத்து இழுத்தான்.

"மார்க்கண்டு அண்ணை, இது முழுக்கப் பெற்றோலிலையெல்லே ஓடுது? ராங்குக்குள்ளை எவ்வளவு விட்டனியள்? மூண்டு போத்தலோ?"

"என்ன தம்பி விசர்க் கதை? பெற்றோலை ஆரும் ஓட விடுவினமோ?"

"அதுதானே அண்ணை. ஆரும் விடமாட்டினம். அதாலைதான் ஆரும் மணந்தும் பாக்கிறேல்லை. கொஞ்சம் மண்ணெண்ணெயைக் குடுத்துப் பாப்பம், தாங்கோ."

மார்க்கண்டர் மண்ணெண்ணெய் இல்லை என்றார். நான் பேணியை மூடினேன். திரும்பி வரும்போது, "மூண்டு போத்தல் பெற்றோலை ஊத்தி என்னை ஏமாத்தப் பாத்தவன். எனக்கு ஆரும் இவ்வளவு செலவழிச்சதில்லை" என்றேன். அடைக்கலநாதன் சைக்கிளை விட்டு விழுகிற அளவுக்குச் சிரித்தான். அந்த வருடம் நாங்கள் சிரித்தது அதோடு சரி.

மூன்றாவதுதான் இணுவிலில் தேவராஜா மாஸ்ரரின் ஏ-40. மாஸ்ரர் மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்ந்தவர். வேதக்காரர்தான், ஆனால் எங்களைப் போலக் கத்தோலிக்கர் இல்லை. மனைவி சீலா அம்மாவுக்குப் பாரிசவாதம். ஒரு பக்கம் முழுதாக விழுந்து, வாயும் இழுத்து, இரண்டு வருடமாகப் படுக்கை. மாஸ்ரருக்குக் கண்ணில் புரை. கார் ஓட்ட ஏலாது, மருந்துக்குக் காசு வேண்டும். அதனால் விற்கிறார்.

கறுப்புக் கார். மேல் சீலை கிழிந்து தலையில் முட்டியது. கீழே தகட்டில் ஓட்டை, நிலம் தெரிந்தது. ஒரு சில்லுக்கு மூடி இல்லை.

"பொய் சொல்லி விக்க எனக்கு ஏலாது" என்றார் மாஸ்ரர். "இரண்டாம் கியர் சில நேரம் கழரும். மழைக்கு உள்ளுக்கை ஒழுகும். ஆனா எஞ்சின் மண்ணெண்ணெயைத் தண்ணி மாதிரிக் குடிக்கும். ஒண்டை மட்டும் கேளும் தம்பி. ஒருக்கால் வெளிக்கிட்டால் போற இடம் வரைக்கும் நிப்பாட்டாதையும். மண்ணெண்ணெய் மிச்சம் பிடிக்கிறன் எண்டு நிப்பாட்டினால், ஆறிப்போய்த் திரும்பப் பெற்றோல் கேக்கும்."

அடைக்கலநாதன் பொனற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். குளிர்ந்திருந்தது, முன்கூட்டியே சூடாக்கி வைக்கவில்லை. நான் கைபிடியைச் சுற்றினேன். மூன்றாம் சுற்றில் பிடித்தது. இடுப்பில் உயிர் போய் வந்தது. மண்ணெண்ணெய்க்கு மாற்றியதும் கறுப்புப் புகை கக்கி, இருமி, பிறகு நின்று நிதானமாக ஓடியது. அடைக்கலநாதன் என்னைப் பார்த்துத் தலையாட்டினான்.

விலை ஐம்பத்தெட்டாயிரம். ஒரு சதம் குறைக்க மாட்டேன் என்றார். மருந்துச் செலவை எழுதி வைத்திருந்த கொப்பியைக் காட்டினார். நாற்பது இப்போது, மிச்சம் பதினெட்டு மாதாமாதம் என்று முடிந்தது. மாஸ்ரர் கடன் கடதாசி எழுதிவிட்டு, பெருவிரலுக்கு மைப்பெட்டியை எடுத்தார். நான் பேனையைக் கேட்டேன். என் பேரை எழுதி முடிக்கும் வரைக்கும் பொறுமையாக நின்றார்.

ஒரு வருடம் கார் ஓடியது. கலியாணம், செத்த வீடு, ஆஸ்பத்திரி. ஆறாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய் கட்டினேன். தொண்ணூற்றைந்து சித்திரையில் திரும்பவும் சண்டை தொடங்கியது. ஹையருக்கு ஆள் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை. ஆடியிலிருந்து நான் ஒரு சதமும் கொடுக்கவில்லை. இணுவில் பக்கம் போகவேண்டி வந்தால் மாஸ்ரரின் ஒழுங்கையை விட்டுச் சுற்றிப் போனேன். ஒருமுறை மாஸ்ரர் சைக்கிளில் எதிரே வந்தபோது வேலிக்குப் பின்னால் ஒளிந்தேன். புரை பிடித்த கண்ணுள்ள மனிதருக்கு ஒளிக்க வேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் ஒளிந்தேன்.

ஐப்பசி முடிகிற நேரம், ஒரு பின்னேரம், ஒலிபெருக்கி கட்டிய வாகனம் வந்து ஆமி கிட்ட வந்துவிட்டது, எல்லோரும் உடனே தென்மராட்சிப் பக்கம், சாவகச்சேரிக்குப் போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டு போனது. அடைக்கலநாதன் எங்கெங்கோ ஓடி, விடியும்போது ஐந்து போத்தல் மண்ணெண்ணெயோடு வந்தான். மருந்துப் போத்தலில் பெற்றோல் முக்கால்வாசி இருந்தது. பெர்னடெட் பிள்ளை பெற்று இருபத்திரண்டு நாள். அவளும் பிள்ளையும் முன்னால். மக்டலீன் பின்னால், சட்டி பானை, உடுப்பு, அரிசி மூட்டையோடு. அவளுக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. வலது உள்ளங்காலில் இரண்டு மாதமாக ஆறாத புண், துணி சுற்றியிருந்தாள். நான் சைக்கிளில் வருவதென்று ஏற்பாடு.

கைபிடியைப் போட்டேன். அப்போது ஒழுங்கைக்குள் மாஸ்ரர் வந்தார். வெங்காயம் ஏற்றுகிற தள்ளுவண்டியில் சீலா அம்மாவைக் கிடத்தி, மழைக்கு மேசைச் சீலையால் மூடி, இணுவிலில் இருந்து தள்ளிக்கொண்டு வந்திருந்தார். ஒரு சில்லு சரிந்து ஆடிக்கொண்டிருந்தது.

"யாகப்பு" என்றார். மூச்சு வாங்கியது. "சாவகச்சேரி வரைக்கும் இவவைக் கொண்டுபோய்ச் சேரும். அந்தப் பதினோராயிரத்து முந்நூற்றைம்பதை விட்டுவிடுறன். கர்த்தர் சாட்சி."

சீலா அம்மாவுக்கு நிமிர்ந்து இருக்க ஏலாது. படுக்கவைக்கத்தான் வேண்டும். பின்சீற் முழுக்க வேண்டும். நான் மக்டலீனைப் பார்த்தேன். நான் வாய் திறக்க முன்னமே அவளுக்கு விளங்கிவிட்டது.

"என்னை இறங்கச் சொல்லுறியளோ?"

"கார் எங்களை விட மெதுவாத்தான் போகும். பக்கத்திலைதானே நடக்கப்போறாய். ஏலாட்டி சைக்கிளிலை வைச்சுத் தள்ளுறன்."

"என்ரை கொடியிலை வாங்கின கார். என்னை இறக்கிப்போட்டு ஏத்துறியள்." அவள் மாஸ்ரரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். "நல்லாக் கணக்குப் பாக்கிறியள்" என்றபடி இறங்கினாள்.

சீலா அம்மாவைக் கிடத்தினோம். மாஸ்ரர் அவவின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். காருக்குள் இருந்த அரிசி மூட்டை என் சைக்கிளுக்கு வந்தது. ஆகவே மக்டலீனுக்குச் சைக்கிளும் இல்லை.

செம்மணி வெளிக்கு வரவே மத்தியானம் ஆயிற்று. அந்தச் சனத்தை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியாது. ஒரே ஒரு ரோட்டு. இரண்டு பக்கமும் வெள்ளம். ரோட்டில் மண் தெரியவில்லை, தலைகள்தான் தெரிந்தன. ஐந்து யார் தூரம் போக அரை மணித்தியாலம். மழை விடவே இல்லை. கார் உறுமிக்கொண்டு நின்றது. ஒவ்வொரு உறுமலுக்கும் மண்ணெண்ணெய் போகிறதே என்று மிச்சத்தை எண்ணிக்கொண்டே நின்றேன்.

"நிப்பாட்டு" என்றேன். "சனம் அசையேக்கை எடுப்பம்."

"மாமா, ஆறிப்போகும்."

"ரெண்டு போத்தல்தான் கிடக்கு. சாவகச்சேரிக்கு ஆரு, உன்ரை அப்பரோ கொண்டு போறது? நிப்பாட்டடா!"

நிப்பாட்டினான். சனம் அசைந்தது. பெற்றோல் விட்டு எடுத்தோம். பத்து யார். திரும்ப நிப்பாட்டினோம். இப்படி ஐந்து தரம். மழைக்கு எஞ்சின் உடனே குளிர்ந்தது. ஆறாம் தரம் போத்தலைக் கவிழ்த்தால் ஒன்றும் விழவில்லை. மண்ணெண்ணெய் ஒன்றரைப் போத்தல் அப்படியே இருந்தது. நான் கைபிடியை முப்பது நாற்பது தரம் சுற்றியிருப்பேன்.

"காரைத் தள்ளுங்கோவன்! வழியை விடுங்கோ!" என்று பின்னால் கத்தினார்கள். "காரிலை போற துரைமாரைப் பாருங்கோ!"

சீலா அம்மாவை இறக்கக்கூட விடமாட்டார்கள் போல இருந்தது. அடைக்கலநாதன் ஓடிப்போய்ப் பின்சீற்றின் மெத்தையை அவவோடு சேர்த்துத் தூக்கினான். நான் மற்றப் பக்கம் பிடித்தேன். மெத்தையை நிலத்தில் வைப்பதற்குள் பத்துப் பேர் காரைத் தோளால் இடித்து ஓரத்துக்குத் தள்ளினார்கள். அது சரிந்து, மெதுவாக, பொனற் வரைக்கும் தண்ணீருக்குள் இறங்கி நின்றது. பார்த்துக்கொண்டு நின்றோம். மக்டலீன் மட்டும், "போச்சுது" என்றாள்.

இனி என்ன செய்வது? மெத்தையைத் தூக்க இரண்டு ஆம்பிளைகள் வேண்டும். மாஸ்ரருக்கு ஏலாது. பெர்னடெட் கையில் பிள்ளை. மக்டலீன் சைக்கிளின் கைபிடியைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நின்றாள். புண்ணில் சுற்றிய துணி எப்போதோ கழன்று போயிருந்தது. அரிசியைக் கொட்டிவிட்டு அவளைச் சைக்கிளில் ஏற்றி நான் தள்ளியிருக்கலாம்.

மாஸ்ரர் என் கையைப் பிடித்தார். "விட்டிட்டுப் போகாதையும் யாகப்பு. நான் சொன்ன சொல்லு மாற மாட்டன்."

இரக்கப்பட்டுத் தூக்கினேன் என்று எழுதலாம். யாரும் அதை மறுக்கப்போவதில்லை. ஆனால் எனக்கு அந்த நேரம் ஞாபகம் வந்தது அந்தத் தொகைதான். கார் போய்விட்டது, கடனும் நின்றால் என்ன செய்வேன் என்றுதான் நினைத்தேன்.

"நீ சைக்கிளிலை சாஞ்சு சாஞ்சு வா" என்று மக்டலீனிடம் சொன்னேன். "அரிசி கவனம்."

"ஓம். வாறன். போங்கோ" என்றாள்.

நான் முன்னால், அடைக்கலநாதன் பின்னால். மெத்தை தண்ணீர் குடித்துப் பாரமாகிக்கொண்டே வந்தது. சீலா அம்மா மழைக்கு வாயைத் திறந்தபடி ஏதோ முனகினா. நாவற்குழிப் பாலத்துக்கு முன்னால் திரும்பிப் பார்த்தேன், மக்டலீன் இருபது யார் பின்னால் வந்தாள். பாலத்தில் திரும்பிப் பார்த்தபோது நடுவில் ஒரு மாட்டு வண்டில் நின்றது. அதற்குப் பிறகு அவளைக் காணவில்லை. கையில் மெத்தை. நிற்கவும் ஏலாது, நின்றால் மிதித்துவிடுவார்கள். "மக்டலீன்! மக்டலீன்!" என்று கத்திக்கொண்டே நடந்தேன். அந்த ரோட்டில் எல்லோரும் யாராவது ஒருவருடைய பேரைக் கத்திக்கொண்டுதான் நடந்தார்கள்.

கைதடியில் ஒரு டிராக்டர்காரர் சீலா அம்மாவையும் மாஸ்ரரையும் பெர்னடெட்டையும் ஏற்றிக்கொண்டார். நான் திரும்பப் போக வெளிக்கிட்டேன். சனத்துக்கு எதிராக நூறு யார்கூடப் போக முடியவில்லை. சந்தியில் ஒரு மதிலில் ஏறி நின்று, இருட்டும் வரைக்கும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

மூன்றாம் நாள்தான் மக்டலீனைக் கண்டேன். சாவகச்சேரியில் ஒரு கோயில் மண்டபத்தின் சீமெந்து நிலத்தில் கிடந்தாள். காய்ச்சல் நெருப்பாக எரிந்தது. பாலத்தடியில் சனம் நெருக்கி ஓரத்துச் சேற்றுக்குள் தள்ளிவிட்டதாம். செருப்புப் போய், புண்ணுக்குள் தகரம் கிழித்திருந்தது. மிச்சத் தூரம் அந்தக் காலோடு நடந்திருக்கிறாள். சைக்கிளைத் தள்ளித் தாறன் என்று வாங்கிய ஒரு ஆள் அரிசியோடு போய்விட்டான்.

கால் கறுத்தது. ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை, கட்டில் இல்லை. பதினோராம் நாள் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். டொக்டர் வெளியே வந்து என்னிடம், "ஒரு நாள் முந்திக் கொண்டு வந்திருந்தாலும்..." என்று தொடங்கி, முடிக்காமல் போய்விட்டார்.

நாங்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். ஒரு வகுப்பறைக்கு ஏழு குடும்பம். மக்டலீனை அங்கே கொண்டுவந்த இரண்டாம் நாள் தேவராஜா மாஸ்ரர் தேடி வந்தார். அவர்களும் பக்கத்துக் கட்டடத்தில்தான். சீலா அம்மா உயிரோடு இருந்தா. மாஸ்ரர் ஒரு பிளாஸ்ரிக் பைக்குள்ளிருந்து அந்தக் கடதாசியை எடுத்தார். வேதப்புத்தகத்துக்குள் வைத்துக் காப்பாற்றியிருந்தார்.

"சொன்ன சொல்லு" என்றார்.

"கார் முழுத் தூரமும் ஓடேல்லை மாஸ்ரர்."

"ஆள் வந்து சேந்தது."

மக்டலீன் கண்ணைத் திறந்தாள். "என்னவாம் அது? வாசியுங்கோ."

நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். என் கையெழுத்துக்குக் கீழே மாஸ்ரர் எழுதியிருந்தார்: "மேற்படி யாகப்பு எனக்குத் தரவேண்டிய மிகுதி ரூபா பதினோராயிரத்து முந்நூற்று ஐம்பதும் முற்றாகத் தீர்ந்தது. இனி அவரிடம் எனக்குக் கேட்க ஒன்றும் இல்லை."

"எவ்வளவு?"

"பதினோராயிரத்து முந்நூற்று ஐம்பது."

அவள் போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "ஒரு கால் அதுக்கு மேலை போகாதோ? மிச்சக் காசு இருக்கோ எண்டு கேளுங்கோ."

பக்கத்துக் குடும்பங்கள் எங்கள் பக்கம் திரும்பின.

மாஸ்ரர் நின்ற இடத்திலேயே நிலத்தில் குந்திவிட்டார். "இருக்குப் பிள்ளை" என்றார். "தர வேண்டியது கனக்க இருக்கு. என்னட்டைத்தான் இல்லை."

"அப்ப எழுதித் தாங்கோ."

அவர் பகிடி என்று நினைக்கவில்லை. சட்டைப் பையில் பேனையைத் தேடி எடுத்தார். பேப்பரைக் காணாமல், வேதப்புத்தகத்தின் முன்பக்கத்து வெறும் தாளைத் தடவினார். கிழிக்கப் போனார். தாள் கோணலாகப் பாதிதான் வந்தது.

மக்டலீன் அந்தக் கிழிந்த தாளைப் பார்த்தாள்.

"விடுங்கோ மாஸ்ரர்" என்றாள். "அவ அங்கை தனியக் கிடப்பா. ஒரே பக்கமாக் கிடந்தால் முதுகு புண்ணாப் போகும். போய்ப் புரட்டி விடுங்கோ."

மாஸ்ரர் எழும்ப ஏலாமல் கையை நீட்டினார். நான் தூக்கி விட்டேன். போனார்.

கடதாசியை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். மக்டலீன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் அந்தக் கணக்கைப் பற்றி என்னோடு கதைக்கவில்லை.